பல்கலைக்கழக ஸ்போர்ட் கிளப்புக்குக் கோச்சாகப் போகிறவர்களுக்கு: ஒப்புக்கொள்வதிலிருந்து ஒப்படைப்பது வரை

ஆகஸ்ட் மாதம் வந்தால் அமெரிக்காவில் பல்கலைக்கழக ஊர்களில் குடியிருக்கும் நம்மவர்கள் சிலருக்கு ஒரு போன் வரும். "அண்ணா, நீங்க சென்னையில டிவிஷன் லீக் ஆடினவராமே, எங்க கிளப்புக்குக் கோச்சா வர முடியுமா?" என்று எம்.எஸ். படிக்க வந்த பையனோ பெண்ணோ கேட்பார்கள். கேட்ட உடனே மனசு மைதானத்துக்குப் போய்விடும், சரி என்று சொல்லிவிடுவோம்.

எனக்கும் அப்படித்தான் வந்தது. மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் கிரிக்கெட் கிளப்புக்கு எட்டு வருடமாகக் கோச்சாக இருக்கிறேன். பகலில் மென்பொருள் வேலை, வாரத்தில் மூன்று மாலை மைதானம். தொடங்கும்போது யாராவது என்னை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் முதல் இரண்டு மூன்று வருடங்களில் செய்த தவறுகள் பாதியாகக் குறைந்திருக்கும். கிரிக்கெட்டை வைத்துத்தான் சொல்லப் போகிறேன், ஆனால் நீங்கள் பேட்மின்டன், கபடி, வாலிபால், கால்பந்து என்று எதற்குப் போனாலும் முக்கால்வாசி இதேதான்.

1. போகிற இடம் எது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மூன்று அடுக்கு. மேலே வார்சிட்டி: பல்கலைக்கழகமே நடத்துவது, சம்பளத்துக்குக் கோச், பெரும்பாலும் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளுக்கான தேசிய அமைப்பு) விதிகளுக்குள் வருவது. கீழே இன்ட்ராமுரல்: விடுதிக்கும் விடுதிக்கும், துறைக்கும் துறைக்கும் நடக்கும் உள்ளூர் ஆட்டம். நடுவில் இருப்பதுதான் ஸ்போர்ட் கிளப். வேறு பல்கலைக்கழகங்களோடு போட்டி போடும், ஆனால் அதை நடத்துவது மாணவர்கள். விதிமுறைப் புத்தகம் அவர்கள் எழுதியது, பிரசிடென்டையும் ட்ரெஷரரையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், மாணவர் கட்டணத்திலிருந்து கொஞ்சம், உறுப்பினர் சந்தாவிலிருந்து கொஞ்சம் என்று பணமும் அவர்களே திரட்டுகிறார்கள். ரெக்ரியேஷன் துறை (எல்லோரும் 'ரெக்' என்பார்கள்) இடம் கொடுக்கும், விதி சொல்லும், கண்காணிக்கும். கிரிக்கெட்டுக்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் இந்த நடு அடுக்குதான். வார்சிட்டி அணி என்று இருப்பது பென்சில்வேனியாவின் ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் மட்டும்.

இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் முதல் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி 1852-ல் நியூ ஹாம்ப்ஷயரின் வினிபெசாக்கி ஏரியில் ஹார்வர்டுக்கும் யேலுக்கும் நடந்த படகுப் போட்டி. செலவை ஒரு ரயில் கம்பெனி ஏற்றுக்கொண்டது, படகு கிளப்புகள் மாணவர்களுடையவை. சம்பளக் கோச்சுகள், பெரிய நிர்வாகம் எல்லாம் அதற்கப்புறம் வந்து வார்சிட்டியாக மாறியது. மாணவர்கள் கையில் மிஞ்சியதுதான் இன்றைய கிளப் விளையாட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் கல்லூரி அணிக்கு ஆடியவர்களுக்கு இங்கேதான் முதல் தடுமாற்றம். அங்கே பி.டி. சார் சொன்னால் சொன்னதுதான். டீமை அவர் எடுப்பார், ட்ராவல் அலவன்ஸ் அவர் வாங்கித் தருவார், கேப்டன் யார் என்று அவர் முடிவு செய்வார், பஸ் எத்தனை மணிக்கு என்பதும் அவர் வாயிலிருந்துதான் வரும். அந்த அன்பிலும் அதட்டலிலும் வளர்ந்த நாம் இங்கே கோச் ஆனதும் நம்மையறியாமல் பி.டி. சாராகிவிடுகிறோம். கிளப்பில் நிலைமை தலைகீழ். உங்களை அழைப்பது மாணவர்கள், வேண்டாம் என்று அனுப்பும் உரிமையும் அவர்களுக்குத்தான். இருபது வயதுப் பிரசிடென்ட் "கோச், இந்த வாரம் பிராக்டீஸ் வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது" என்றால் காரணம் கேட்கலாம், மறுத்துப் பேசலாம், ஆனால் அந்த முடிவு அவருடையது. இதை ஏற்க முடியாதென்றால் ஒப்புக்கொள்ளாமல் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

அப்படியானால் கோச்சுடையது என்ன? ஆட்டத்தைக் கற்றுக் கொடுப்பது, ஆடுகிறவர்கள் உடம்போடும் உயிரோடும் வீட்டுக்குத் திரும்புவதைப் பார்த்துக்கொள்வது. இந்த இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டாவதில் பிரசிடென்ட் சொன்னாலும் கேட்க வேண்டியதில்லை.

2. சரி என்று சொல்வதற்கு முன்

முதலில் விசா. இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நம்மவர்களுக்குத்தான் தேவை. பல கிளப்புகள் கோச்சுக்கு ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று சிறு தொகை கொடுக்கும். நீங்கள் எச்-1பி வேலை விசாவில் இருந்தால் உங்களுக்காக மனு போட்ட கம்பெனியைத் தவிர வேறு இடத்தில் பணம் வாங்கி வேலை செய்யக் கூடாது, அந்தத் தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும். "அப்போ சும்மா செய்கிறேன்" என்பதும் எப்போதும் தீர்வாகாது. வழக்கமாகச் சம்பளம் கொடுக்கிற பதவியில் இலவசமாக உட்கார்ந்தால் அதையும் வேலையாகவே பார்க்க இடமிருக்கிறது. எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவரே கோச்சாக இருந்து பணம் வாங்கினால் அது வளாக வேலைக் கணக்கில் வரும், படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேர வரம்புக்குள் அடங்க வேண்டும். ஒரு பைசா வாங்குவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடமோ சர்வதேச மாணவர் அலுவலகத்திலோ எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாயிரம் டாலருக்காக விசாவை இழக்காதீர்கள்.

அடுத்து காகிதங்கள். ரெக் அலுவலகத்தில் கோச் ஒப்பந்தம் ஒன்று இருக்கும், பெரும்பாலான இடங்களில் குற்றப் பின்னணிச் சோதனையும் முதலுதவி, சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் உதவி) சான்றிதழும் கேட்பார்கள். கேட்கவில்லையென்றாலும் சிபிஆர் வகுப்புக்குப் போய்விடுங்கள், அரை நாள் வேலை. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மைதானத்தில் ஒருவருக்கு அடிபட்டு வழக்கு வந்தால் பல்கலைக்கழகத்தின் காப்பீடு உங்களையும் சேர்த்துக்கொள்ளுமா? சம்பளம் வாங்காத தன்னார்வலர் என்றால் பல்கலைக்கழகம் உங்களைத் தன்னார்வலராகப் பதிவு செய்திருக்கிறதா? பதிவே இல்லாமல் "நண்பர் ஒருவர் வந்து சொல்லிக் கொடுக்கிறார்" என்ற நிலையில் இருந்தால் ஏதாவது நடந்த அன்று நீங்கள் தனி ஆள்.

கிளப்பின் விதிமுறைப் புத்தகத்தையும் வாங்கிப் படியுங்கள். நாலு பக்கம்தான் இருக்கும். கோச்சை எப்படி நியமிப்பது, எப்படி நீக்குவது, டீம் எடுப்பது யார் என்ற மூன்றும் அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பகுதி இந்த மூன்றைச் சுற்றித்தான் வரும்.

3. முதல் கூட்டம்: யார் எதைச் செய்வது

என் முதல் வருடத்தைச் சொல்கிறேன். மைதானம் பதிவு செய்வது நான், அம்பயரை அழைப்பது நான், எதிரணிக்கு மெயில் போடுவது நான், பிட்ச் மேல் விரிக்கும் மேட்டிங்கை வீட்டு கராஜில் வைத்திருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் தூக்கிக்கொண்டு போவதும் நான். பிள்ளைகள் படிக்கட்டும், நாம் பார்த்துக்கொள்வோம் என்ற நல்ல எண்ணம்தான். அடுத்த கோடையில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, இரண்டு மாதம் மதுரையில் இருந்துவிட்டேன். திரும்பி வந்தால் கிளப் ரெக்கில் மறுபதிவு செய்யவில்லை, கடைசி நாள் போய்விட்டது, அந்த இலையுதிர் காலம் முழுக்க எங்களுக்கு மைதானமே இல்லை. பிரசிடென்டைக் கோபித்துக்கொண்டேன். "கோச், அப்படி ஒரு படிவம் இருப்பதே எனக்குத் தெரியாது" என்றான். அவனுக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு நாளும் அவனைச் செய்ய விடவில்லையே.

அதிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் நிர்வாகிகளோடு இரண்டு மணி நேரம் உட்காருகிறேன். ஒரு தாளில் வருடத்தின் எல்லா வேலைகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். மைதானப் பதிவு, போட்டி அட்டவணை, எதிரணித் தொடர்பு, சந்தா, ஜெர்சி, பயணப் படிவம், ரெக் கூட்டங்களுக்குப் போவது எல்லாம் மாணவர்கள் பெயரில். பயிற்சித் திட்டம், பாதுகாப்பு, ஆட்ட நுணுக்கம், தேர்வில் ஆலோசனை என் பெயரில். அந்தத் தாளில் மாணவர்கள் பெயரில் உள்ள வேலைகளையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும் ஆசை உங்களுக்கு வரும், ஏனென்றால் நீங்கள் செய்தால் பத்து நிமிடம், அவர்கள் செய்தால் மூன்று நாள். மூன்று நாள் ஆகட்டும். ஒரு பத்தொன்பது வயதுப் பெண் தன் வாழ்க்கையில் முதன்முறையாக வேறு பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து போட்டி ஏற்பாடு செய்வதும் அந்தக் கிளப் கொடுக்கிற கல்விதான், கவர் டிரைவ் போலவே.

பணத்தைப் பற்றி ஒரே வரி: தொடாதீர்கள். சந்தா உங்கள் கணக்குக்கு வரக் கூடாது, கிளப்பின் பேரில் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது, "இப்போ என் கார்டில் வாங்கிவிடுவோம், அப்புறம் கொடுங்க" என்பதும் வேண்டாம்.

4. டீம் எடுப்பது

கிளப் என்பதால் வாசல் திறந்தே இருக்க வேண்டும். செப்டம்பரில் நாற்பது பேர் வருவார்கள், பதினொன்று பேர்தான் ஆட முடியும். யாரையும் அனுப்பிவிடாமல், பயிற்சி எல்லோருக்கும், வெளியூர் அணி பதினான்கு பேருக்கு என்று பிரித்துவிடுவது எங்கள் வழக்கம்.

எடுப்பது யார்? கேப்டன், துணைக் கேப்டன், கோச் மூன்று பேர். எதைப் பார்த்து எடுக்கிறோம் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுகிறோம்: எத்தனை பயிற்சிக்கு வந்தார், பயிற்சி ஆட்டங்களில் என்ன செய்தார், எந்த இடத்துக்கு ஆள் தேவை. விடுபட்டவரிடம் நான் நேரில் பேசுகிறேன், வாட்ஸ்அப்பில் பட்டியலைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வதற்கு முன்னால். அந்தப் பேச்சு சங்கடமானது, அதற்குத்தான் கோச் இருக்கிறார்.

நம் கிரிக்கெட் கிளப்புகளுக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஹைதராபாத் பையன்கள் ஒரு பக்கம், பஞ்சாபிகள் ஒரு பக்கம், தமிழ், மராத்தி, வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை என்று தனித்தனியாக நிற்பார்கள். கேப்டன் எந்த மொழியோ அந்த மொழிக்காரருக்கு இரண்டு ஓவர் கூடுதலாகக் கிடைக்கிறது என்ற முணுமுணுப்பு எல்லாக் கிளப்பிலும் உண்டு, சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். நீங்கள் தமிழராக இருந்து தமிழ்ப் பையன்களிடம் தமிழில் பேச ஆரம்பித்த அன்றே மற்றவர்கள் உங்களை ஒரு பக்கத்து ஆள் என்று எழுதிவிடுவார்கள். மைதானத்துக்குள் ஆங்கிலம் மட்டும் என்று நான் முதல் நாளே சொல்லிவிடுவேன், எனக்கும் சேர்த்து. பாசத்துக்கு எதிரான விதி அல்ல இது. ரன் ஓடும்போது ஒருவர் தெலுங்கில் கத்தி, மறுமுனையில் இருப்பவர் புரியாமல் நின்று, ஒரு நல்ல பார்ட்னர்ஷிப் முடிந்துபோனதைப் பார்த்தவன் நான். யெஸ், நோ, வெயிட், மூன்று சொல் போதும். பேஸ்பால் ஆடிவிட்டு ஆர்வத்தில் வந்து சேரும் அமெரிக்கப் பிள்ளைகளும் அப்போதுதான் தங்குவார்கள், அவர்கள் எறியும் வேகத்தைப் பார்த்தால் பாயின்ட்டில் நிறுத்த ஆசையாக இருக்கும்.

பெண்கள் வந்தால் ஓரமாக டென்னிஸ் பந்து கொடுத்து நிறுத்தாதீர்கள். அதே நெட், அதே நேரம், அதே பந்து.

5. பயிற்சியைத் திட்டமிடுவது

கிளப் பயிற்சிகள் வீணாவது ஒரே மாதிரிதான்: ஒருவர் நெட்டில் அடிக்கிறார், ஆறு பேர் வரிசையில் நின்று பந்து போடுகிறார்கள், பதினைந்து பேர் போன் பார்க்கிறார்கள். இரண்டு மணி நேரம் போச்சு. நான் ஆட்களை மூன்றாகப் பிரிப்பேன். ஒரு கூட்டம் நெட்டில், ஒரு கூட்டம் கேட்சும் த்ரோவும், ஒரு கூட்டம் ஸ்டம்புகளுக்கிடையே ஓட்டமும் உடற்பயிற்சியும். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றம். கடைசி அரை மணி நேரம் ஆட்டச் சூழல்: ஆறு பந்தில் ஒன்பது ரன், இரண்டு விக்கெட் கையில், அடி பார்ப்போம் என்று. அந்த அரை மணி நேரத்துக்காகவே பாதிப் பேர் வருவார்கள்.

வருடத்தின் வடிவத்தையும் புரிந்துகொள்ளுங்கள். வட மாநிலங்களில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வெளியே ஆடலாம். நவம்பரிலிருந்து பனி, ஜிம்மில் இரவு பத்து மணிக்குத்தான் இடம் கிடைக்கும், டேப் சுற்றிய டென்னிஸ் பந்து அல்லது பேஸ்பால்காரர்களின் பேட்டிங் கூண்டு. அப்புறம் வசந்தத்தில் திடீரென்று போட்டிகள். 2009-ல் ஃப்ளோரிடாவில் தொடங்கிய அமெரிக்கன் காலேஜ் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்பும் ஸ்பிரிங் பிரேக்கை ஒட்டி வந்ததுதான். நான்கு மாதம் பந்தே போடாத வேகப்பந்து வீச்சாளர் மார்ச்சில் மூன்று நாளில் நான்கு ஆட்டம் ஆடினால் என்ன ஆகும்? கீழ் முதுகு எலும்பில் விரிசல். இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு அடிக்கடி வரும் காயம் அது, பந்துவீச்சுச் சுமையைச் சடாரென்று ஏற்றுவது அதற்கு முக்கியக் காரணம். அதனால் ஜனவரியிலேயே ஜிம்மில் பந்தை எண்ணிப் போட வையுங்கள், வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். எண்ணுவது சலிப்பான வேலை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

தேர்வு வாரங்களில் பயிற்சி வேண்டாம். வராதவரைக் கேள்வி கேட்கவும் வேண்டாம். எஃப்-1 மாணவருக்கு மதிப்பெண் சரிந்தால் சில நேரம் படிப்பும் போகும், விசாவும் போகும்.

6. பாதுகாப்பு: இதை இரண்டு முறை படியுங்கள்

முதல் பயிற்சிக்கு முன்னால் ஒரு பக்கத்தில் அவசரத் திட்டம் எழுதுங்கள். மைதானத்தின் சரியான தெரு முகவரி (பல்கலைக்கழக மைதானங்களுக்கு இது பலருக்கும் தெரியாது), ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக வர முடியும், அந்த வாசலின் சாவி யாரிடம், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி எந்தக் கட்டடத்தில், இரவு எட்டு மணிக்கு மேல் அந்தக் கட்டடம் திறந்திருக்குமா, 911-ஐ அழைப்பது யார், வாசலில் போய் நின்று வழிகாட்டுவது யார். எழுதினால் போதாது, பருவத்துக்கு ஒரு முறை நடத்திப் பாருங்கள். நாங்கள் முதன்முறை நடத்தியபோது ஏஇடி இருந்த கட்டடம் பூட்டியிருந்தது. ரெக்கில் கேட்டதும் கையில் எடுத்துப் போகக்கூடிய ஒன்றைக் கொடுத்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது.

யாராவது அடிபடாமலே சரிந்து விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லாமல், மூச்சு சரியாக இல்லாமல் இருந்தால் அது இதயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 911, ஏஇடி, நெஞ்சின் நடுவில் அழுத்தம், நிமிடத்துக்கு 100 முதல் 120. 2021 ஜூனில் கோபன்ஹேகனில் யூரோ கால்பந்து ஆட்டத்தின் நடுவே டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்ததை உலகமே பார்த்தது. மைதானத்திலேயே சிபிஆரும் மின் அதிர்ச்சியும் உடனே கிடைத்ததால்தான் அவர் பிழைத்தார், பிறகு மறுபடியும் ஆடினார்.

தலையில் பந்து பட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. "நல்லா இருக்கேன் கோச்" என்பான், கண்கள் வேறு சொல்லும். 2014 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஹியூஸ் பவுன்சர் கழுத்தில் பட்டு இறந்ததற்குப் பிறகுதான் ஹெல்மெட்டின் பின்னால் கழுத்தை மறைக்கும் காப்பு பரவலானது. 2019-லிருந்து சர்வதேச ஆட்டங்களில் தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக முழு மாற்று ஆள் ஆடலாம் என்று ஐசிசி அனுமதித்தது. உலகக் கோப்பை ஆடுகிறவருக்கே அந்த விதி என்றால் கிளப் ஆட்டத்தில் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது? மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் திரும்ப வர வேண்டும், கேப்டன் எவ்வளவு கெஞ்சினாலும். ஹெல்மெட் இல்லாமல் லெதர் பந்துக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது, ஸ்டம்புக்கு அருகில் நிற்கும் கீப்பர் உட்பட.

வெயிலை நாம் அலட்சியமாக நினைப்போம், வேலூர் வெயிலைப் பார்த்தவர்கள் என்று. 2018 மே மாதம் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஓட்டப் பயிற்சியின்போது வெப்பத்தாக்கில் சரிந்து, இரண்டு வாரத்தில் இறந்தார். அது வார்சிட்டி அணி, பயிற்சியாளர்களும் மருத்துவ உதவியாளர்களும் நிறைந்த இடம். ஆனால் அவரை உடனே குளிர்ந்த நீரில் இறக்கவில்லை. உழைப்பினால் வரும் வெப்பத்தாக்கில் உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், பேச்சு குழறும், நடை தடுமாறும். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் மருத்துவமனைக்கு எடுத்துப் போவது. எங்களிடம் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியும் நான்கு மூட்டை ஐஸும் கோடை ஆட்டங்களில் எப்போதும் இருக்கும். இடி கேட்டால் எல்லோரும் உள்ளே, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே. இரண்டு ஓவரில் வெற்றி என்றாலும்.

இன்னொன்று. நம் மாணவர்கள் ஆம்புலன்ஸுக்குப் பயப்படுகிறார்கள், பில் ஆயிரக்கணக்கில் வரும் என்று. எலும்பு முறிந்து கிடக்கும்போதுகூட "வேண்டாம் கோச், ஊபர் போட்டுக்கலாம்" என்று ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அதனால் பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவருடைய காப்பீட்டு அட்டையின் படமும் பிரசிடென்டிடம் இருக்கட்டும், அந்தக் காப்பீடு கிளப் விளையாட்டுக் காயத்தை ஏற்குமா என்று அவரவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அவசரத்தின்போது அழைப்பதா வேண்டாமா என்ற முடிவை அடிபட்டவரிடம் விடாதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டதென்றால் நீங்களே அழையுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த வலி மாத்திரைகளை யாருக்கும் கொடுக்காதீர்கள். என்ன நடந்தாலும் அன்று இரவே காயப் படிவத்தை நிரப்பி ரெக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

7. பயணம்

என் எட்டு வருடத்தில் எனக்கு உண்மையில் பயம் கொடுத்தது ஆட்டங்கள் அல்ல, திரும்பி வரும் நெடுஞ்சாலைகள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஆட்டம் முடியும், எட்டு மணி நேரத் தூரம், திங்கள் காலை வகுப்பு. இரண்டு நாள் வெயிலில் நின்றவன் ஸ்டியரிங்கில் உட்காருகிறான். இதை அனுமதிக்காதீர்கள். நள்ளிரவுக்குப் பிறகு வண்டி ஓட்டக் கூடாது என்று பல பல்கலைக்கழகங்களில் விதியே இருக்கிறது, உங்களுடையதில் இல்லாவிட்டாலும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு ஓட்டுநர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றம், பக்கத்து சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது. மோட்டல் இரவுக்கு ஆகும் செலவை ஆரம்பத்திலேயே பட்ஜெட்டில் சேர்க்கச் சொல்லுங்கள், அப்போதுதான் கடைசி நேரத்தில் காசு இல்லை என்ற பேச்சு வராது. பதினைந்து பேர் ஏறும் வேன் வேண்டாம். பத்துப் பேருக்கு மேல் ஏற்றினால் அது கவிழும் ஆபத்து நன்றாகக் கூடும் என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே எச்சரித்திருக்கிறது.

விடுதியில் கோச்சுக்குத் தனி அறை, கட்டாயம். அணியில் பாதிப் பேர் 21 வயதுக்குக் கீழே, அவர்களுக்கு மது சட்டவிரோதம். நீங்கள் வாங்கிக் கொடுக்கவும் கூடாது, அவர்கள் குடிக்கும் அறையில் இருக்கவும் கூடாது. கிளப் பயணத்தில் நானும் தொடுவதில்லை.

8. எல்லைகள்

நீங்கள் அவர்களுக்கு அண்ணன் மாதிரி, அக்கா மாதிரி. அந்த நெருக்கம் நல்லது, ஆனால் டீம் எடுக்கும் அதிகாரமும் உங்களிடம் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அணியில் இருப்பவரோடு காதல் உறவு கூடாது, அவர் எத்தனை வயதானாலும். ஒருவரோடு மட்டும் இரவு நேரத் தனிச் செய்திகள் வேண்டாம், ஆட்ட விஷயம் எல்லாம் குழுவிலேயே போடுங்கள். உடம்பைத் தொட்டுத் திருத்த வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டுத் தொடுங்கள். முதலாம் ஆண்டு மாணவர் சிலருக்குப் பதினேழு வயதுதான் இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

புதியவர்களை 'வரவேற்பது' என்ற பேரில் நடக்கும் கொடுமைகளை நாம் நன்றாக அறிவோம். 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டார், அதற்கடுத்துத்தான் தமிழ்நாட்டில் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் இதற்கு ஹேசிங் என்று பெயர், 2024 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டமே வந்திருக்கிறது, பல்கலைக்கழகங்கள் அந்தச் சம்பவங்களைப் பொதுவில் வெளியிட வேண்டும். "எல்லோரும் மொட்டை அடித்துக்கொள்ளலாம்", "புதுசுகள் எல்லோருடைய கிட்பேகையும் தூக்கட்டும்" என்பதெல்லாம் விளையாட்டுத்தனமாகத்தான் தொடங்கும். தொடங்கும்போதே நிறுத்துங்கள், கிட்பேகை ஒரு நாள் நீங்களே தூக்கினால் பேச்சே வராது.

ஒரு மாணவி உங்களிடம் வந்து அணியில் ஒருவன் தவறாக நடந்துகொண்டான் என்று சொன்னால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். டைட்டில் நைன் அலுவலகத்தில் (பாலியல் தொல்லை, பாலினப் பாகுபாடு புகார்களைக் கவனிக்கும் பல்கலைக்கழக அலுவலகம்) தெரிவிக்க வேண்டிய பொறுப்பு பல பல்கலைக்கழகங்களில் கோச்சுக்கும் உண்டு. முதலிலேயே மெதுவாகச் சொல்லிவிடுங்கள்: "நீ சொல்வதை நான் அந்த அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கும், ரகசியமாகப் பேச வேண்டுமென்றால் ஆலோசகரிடம் அழைத்துப் போகிறேன்." நீங்களே விசாரிக்கக் கிளம்பாதீர்கள், இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசுவது பெரிய தவறு.

வீட்டை விட்டு முதல்முறை வந்தவர்கள், கடன் வாங்கிப் படிப்பவர்கள், பிப்ரவரிப் பனியில் நாலு நாள் அறையை விட்டு வெளியே வராதவர்கள் எல்லோரும் உங்கள் அணியில்தான் இருப்பார்கள். தவறாமல் வருகிறவர் இரண்டு வாரம் வராவிட்டால் டீம் விஷயமாக அல்லாமல் சும்மா போன் செய்யுங்கள். பல்கலைக்கழக ஆலோசனை மையத்தின் எண்ணும், 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்க இயங்கும் 988 என்ற தற்கொலை, மனநெருக்கடி உதவி எண்ணும் கைப்பேசியில் இருக்கட்டும். சாம்பாரும் சோறும் போட்டு வீட்டில் உட்கார வைப்பதும் உதவிதான், ஆனால் அது மட்டும் போதாத நேரங்கள் உண்டு, அப்போது கையோடு அழைத்துப் போங்கள்.

9. ஆட்ட நாள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரிக்கெட்டில் உள்ளே இறங்கிய பிறகு ஆட்டம் கேப்டனுடையது. எல்லைக்கோட்டிலிருந்து ஃபீல்டை மாற்றிக் கத்தாதீர்கள், ட்ரிங்க்ஸ் இடைவேளையில் ஒரு யோசனை சொல்லலாம். அம்பயரிடம் நீங்கள் குரல் உயர்த்தினால் அடுத்த ஆட்டத்திலிருந்து எல்லோரும் உயர்த்துவார்கள். பேட்டிங் வரிசையை இரவே சொல்லிவிடச் சொல்லுங்கள், தண்ணீர், ஐஸ், முதலுதவிப் பெட்டி, அவசரத் திட்டத் தாள் நான்கும் இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பாருங்கள்.

10. ஒப்படைப்பது

கிளப் நிர்வாகிகள் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறுவார்கள், இரண்டு வருடத்தில் மொத்த அணியும் மாறிவிடும். எம்.எஸ். முடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். கிளப்பின் ஞாபகம் என்று மிச்சமிருப்பது கோச்தான், அதனாலேயே எல்லாம் அவர் தலைக்குள் மட்டும் இருந்துவிடக் கூடாது. நாங்கள் ஒரு பகிர்வு ஆவணம் வைத்திருக்கிறோம்: எந்த மாதம் எந்தப் படிவம், எந்த மைதானத்தில் மேட்டிங்கை எந்தத் திசையில் விரித்தால் மாலை வெயில் பேட்ஸ்மேன் கண்ணில் படாது, எந்தக் கடையில் லெதர் பந்து வாங்கினால் இருபது ஓவருக்கு வடிவம் மாறாமல் தாங்கும், எந்த எதிரணி கடைசி நேரத்தில் வராமல் போகும். பழைய பிரசிடென்ட் புதியவரோடு உட்கார்ந்து அதை ஒரு முறை முழுதாகப் படிக்க வேண்டும், நான் பக்கத்தில் டீ போட்டுக்கொண்டு இருப்பேன், கேட்டால்தான் பேசுவேன்.

நீங்களே விலகும் நாள் வந்தால் ஒரு பருவத்துக்கு முன்பே சொல்லுங்கள், அடுத்த கோச்சைத் தேடுவதை மாணவர்களிடம் விடுங்கள். கராஜில் இருக்கும் மேட்டிங், ஸ்டம்புகள், ஹெல்மெட்டுகள், மைதானக் கொட்டகையின் சாவி எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, பிரசிடென்டும் ரெக் அலுவலரும் கையெழுத்துப் போட்ட தாளோடு ஒப்படையுங்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள். சனிக்கிழமை ஆட்டம் பார்க்கப் போனால் புது கோச் நிற்கிற பக்கமாக இல்லாமல் எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்காருங்கள்.